ஒன்பதே கால் மணி வெயில்

டிசம்பர் 9, திங்கள்

இன்று முழுக்கச் சூரியனோடு மல்லுக்கட்டினேன். செண்பகராமன் அண்ணாச்சி கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் மூன்று தளமாக எழுப்பி, நிழல் பொத்தானை அழுத்தினால், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் பக்கத்து மனையைத் தாண்டி அடுத்த தெருவரை நீண்டு கிடந்தது. தென்காசியில் உச்சி வேளையில் அப்படி ஒரு நிழலை யாரும் பார்த்திருக்க முடியாது.

அரை மணி நேரம் திருதிருவென்று விழித்த பிறகுதான் விளங்கியது. ஊர் எது என்று நாம் சொல்லாவிட்டால், மென்பொருள் தானாகவே ஏதோ ஒரு குளிர்தேசத்து நகரத்தை வைத்துக்கொள்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சூரியன் நடு உச்சிக்கு வருவதே இல்லை, பாவம். தென்காசி என்று ஊரைக் கொடுத்தேன். தேதி கொடுத்தேன், மணி கொடுத்தேன், நம் நாட்டு நேரத்தைக் கொடுத்தேன். நிழல் சமர்த்தாகச் சுருங்கிக் கட்டடத்தின் காலடிக்கு வந்தது.

ஆபீசை நடத்தும் ரோகிணி மேடம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு வடிவு" என்றார். இந்த ஆர்க்கிடெக்ட் ஆபீசில் சேர்ந்ததிலிருந்து இது இரண்டாவது 'நல்லாருக்கு'. ஜனவரி இருபதாம் தேதியோடு என் ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. அதற்குள் இன்னும் இரண்டு மூன்று 'நல்லாருக்கு' தேற்ற வேண்டும்.

டிசம்பர் 12

அக்காவிடமிருந்து போன். என் அக்கா கோமதிக்கு என் வேலை இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. வீடு கட்டுகிறவளா, படம் போடுகிறவளா என்று கேட்பாள். ஆனால் அண்ணாச்சி வீட்டு வேலையை எங்கள் ஆபீசுக்குப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து மனை அண்ணாச்சியுடையது. அவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வீடு கட்டப் போகிறேன் என்று அவர் சொன்ன மறுநிமிஷமே, மதுரையில் என் தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள்.

அக்காவின் பிழைப்பு அவள் மாடியில் இருக்கிறது. அவளும் இன்னும் மூன்று பெண்களும் விடிவதற்கு முன்பே உளுந்து மாவை இடித்துப் பிசைந்து, உருட்டி, அப்பளம் இட்டு, ஒன்பதே காலுக்கு மாடியில் விரிப்பார்கள். பதினொன்றரைக்குள் எடுத்துவிட வேண்டும். அப்பளத்துக்குக் காலை வெயில்தான் வேண்டும். உச்சி வெயில் பட்டால் விண்டுபோகும். சாரல் காலத்தில் மூன்று மாதம் வெயிலே கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் மழை. மிச்சமிருக்கும் மாதங்களின் காலை வெயிலை வைத்துத்தான் வருஷம் ஓடுகிறது. மாடிக்காகவே இந்த வீட்டுக்குப் போன ஆவணியில் குடிவந்தாள்.

அண்ணாச்சி நல்ல மனுஷர். தன் வீடு எழும்பினால் கோமதி மாடிக்கு வெயில் மறையுமா என்று படத்தில் பார்த்துவிட வேண்டும், மறைத்தால் மேல்தளத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே மேடத்திடம் சொல்லியிருக்கிறார். அதனால் இன்று அக்கா வீட்டையும் வரைந்து பக்கத்தில் வைத்தேன். மாடிப் படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், தண்ணீர் வாளிகூட வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"மாடியில நான் எங்கட்டி?" என்றாள்.

மென்பொருளோடு வரும் ஆட்கள் எல்லாரும் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருவனை அப்பளத்துக்குக் காவலாக நிறுத்த மனசு வரவில்லை. ஆள் பிறகு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 14

மனையை அளந்து வந்தவர் கொடுத்த துண்டுத் தாளில் ஒரு செவ்வகம், முன்னால் ரோடு, ஒரு பக்கம் 'கோமதி வீடு', அளவுகள். கீழே மேடத்தின் கையெழுத்தில் 'கிழக்கு வாசல்'. போதும். ரோட்டைக் கிழக்கில் வைத்தேன், அக்கா வீடு தெற்கே வந்து உட்கார்ந்தது. நிழல் பார்க்க வாசலும் ஜன்னலும் வேண்டாமென்று அண்ணாச்சி வீட்டை வெறும் பெட்டியாகவே வைத்திருக்கிறேன். மார்கழி, தை, மாசி என்று மாதம் மாதமாகச் சூரியனை ஓட்டிப் பார்த்தேன். நம் ஊரில் இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. நிழல் எல்லாம் வடக்குப் பக்கம் விழுகிறது. அக்கா மாடியில் ஒரு பொட்டு நிழல் இல்லை. சித்திரைக்கு மேல் கொஞ்சம் ஓரம் தொடுகிறது, அவ்வளவுதான்.

சந்தோஷத்தில் கேன்டீன் டீயை இரண்டு குடித்தேன். அதுவே எனக்கு எதிரி, வயிறு எரிகிறது.

டிசம்பர் 18, புதன்

அண்ணாச்சி கடைச் சரக்கு எடுக்க மதுரைக்கு வந்தவர், அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அக்கா பச்சைச் சேலை கட்டி, தலைநிறையப் பிச்சிப்பூ வைத்து, செருப்பைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

பெரிய திரையில் காட்டினேன். மணி ஏழு, எட்டு, ஒன்பது என்று நகர்த்த, நிழல் ஊர்ந்து போனது. அக்கா மாடி பளீரென்று கிடந்தது. மேடம் என் தோளில் கைவைத்து, எல்லாம் வடிவு போட்டதுதான், ஒரு குறை சொல்ல முடியாது என்றார். அண்ணாச்சி கார் நிறுத்துமிடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"கோமதி சரின்னா எனக்கும் சரி. நீ நல்லாப் பாத்துச் சொல்லு தாயி."

அக்கா திரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பேன் போல.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வெயிலு நல்லா விழுது" என்றாள்.

மேடம் அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து அவளுக்குக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பும்வரை அதிகம் பேசவில்லை. பயணக் களைப்பு.

டிசம்பர் 19

அண்ணாச்சி மனையில் நல்ல நேரம் பார்த்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

டிசம்பர் 26

அக்காமேல் கோபமாக இருக்கிறேன். மேலகரம் பக்கம் வேறு வீடு பார்க்கிறாளாம். அவள் சொல்லவில்லை. அவளோடு அப்பளம் இடுகிற செல்லம்மா மதினி வாய்தவறிச் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாடி பெரிசு, காத்து நல்லா வருது என்று அப்படிப் புகழ்ந்தவள். அத்தான் புனலூரில் வேலை செய்கிறார், மாதம் ஒரு தடவைதான் வருவார். தனியாக எத்தனை தடவைதான் சாமான் தூக்குவாள்?

போன் செய்து கேட்டேன். "சும்மா பாத்தேன்ட்டி. சவத்த விடு" என்றாள். அங்கே மாடி இதைவிடச் சின்னதாம், வீட்டுக்காரர் கண்டிப்பானவராம். அப்புறம் ஏன் பார்க்க வேண்டும்? சில சமயம் அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று பிடிபடுவதே இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

இன்று அக்கா ஒரு விநோதமான கேள்வி கேட்டாள். அந்தப் படத்தில் சூரியனை எங்கே வைப்பது என்று நான் சொல்வேனா, இல்லை கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளுமா?

கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளும், ஊரும் தேதியும் மணியும் சொன்னால் போதும், வானத்தையே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்போ உன் மேல தப்பு இல்ல" என்றாள். எதற்கு என்று கேட்டேன். பொங்கலுக்கு வரும்போது நல்ல உளுந்து ரெண்டு படி வாங்கி வரச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள்.

திசை விஷயத்தில் எனக்கு வீட்டில் நல்ல பெயர் கிடையாது என்பதையும் எழுதிவைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் குற்றாலத்துக்குப் போகிற பஸ் என்று ஏறிச் சங்கரன்கோவிலில் இறங்கினவள் நான். அக்கா தேடி வந்து, அடிக்காமல், ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனாள்.

ஜனவரி 13, போகி

மாலையில் தென்காசி வந்து சேர்ந்தேன். இந்த வீட்டுக்கு நான் வருவது மூன்றாவது தடவை. பால் காய்ச்ச வந்தபோது இரண்டு நாளும் சாரல், தீபாவளிக்கு வந்தபோது அடைமழை. இன்றைக்குத்தான் ஈரமில்லாத தரையில் கால் வைக்கிறேன்.

முன்னறையில் காலண்டருக்குப் பக்கத்தில் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். மாவு அளக்கும் படிக்கு நேர் மேலே. வருகிறவர்களுக்கெல்லாம், எந்தங்கச்சி போட்டது என்று சொல்கிறாளாம்.

ஜனவரி 14, பொங்கல்

இதை எழுதிவிட வேண்டும்.

காலையில் வீட்டு முன்னால் பொங்கல் வைத்தோம். கோலத்தையும் குத்துவிளக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டேன். காவிப்பட்டை அடித்த பொங்கல் கட்டிகளை அடுப்பாகக் கூட்டி வைத்து, ரோட்டைப் பார்த்து விளக்கை வைத்து, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, கரும்பு எல்லாம் அடுக்கினேன். சூரியனைப் பார்த்துத்தானே பொங்கல் வைக்க வேண்டும்.

அக்கா பானையோடு வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, விளக்கை எடுத்து அண்ணாச்சி மனைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "சூரியன் அங்கனதானட்டி வரும்" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

வந்தது. அண்ணாச்சி மனையில் குவித்திருந்த மண்ணுக்கும் ஜல்லிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. ரோடு எனக்கு வலது கைப்பக்கம் கிடந்தது. ரோடு தெற்கு. அண்ணாச்சி மனை கிழக்கு. அக்கா வீடு அதற்கு மேற்கே. நான் படத்தில் எல்லாவற்றையும் கால்வட்டம் திருப்பி வைத்திருக்கிறேன்.

பானை பொங்கியது. பக்கத்து வீடுகளில் குலவை போட்டார்கள்.

விறுவிறுவென்று போய் அண்ணாச்சியையே கேட்டேன். அவர் கரும்பு கடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். மனை தெற்குப் பார்த்ததுதான். தெற்கு வாசல் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் அம்மா சொன்னதால், கார் நிறுத்துமிடத்து வழியாகப் பக்கவாட்டில் போய், தலைவாசலைக் கிழக்கே திருப்பி வைக்கிறார். அதனால் கிழக்கு வாசல். எல்லாரும் செய்வதுதானே என்றார். ஆமாம், எல்லாரும் செய்வதுதான். எங்கள் தெருவில் நாலு வீடு அப்படித்தான். வாசல் கிழக்கு என்றால் ரோடும் கிழக்கு என்று நினைக்க என்னைப் போல ஒரு கோட்டிக்காரி வேண்டும்.

ஊரைச் சரிபார்த்தேன், தேதியைச் சரிபார்த்தேன், மணியைச் சரிபார்த்தேன். வடக்கு எது என்று ஒருவரையும் கேட்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

லேப்டாப்பைத் திறந்து வடக்கைத் திருப்பினேன். ஒரே ஒரு எண்தான், தொண்ணூறு. காலை ஒன்பதே காலுக்கு அக்கா மாடி ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. பத்தரைக்குமேல்தான் வெளிச்சம் முழுசாக வருகிறது. அதற்குள் வெயில் கடுத்துவிடும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் அந்த மாடியில் நிற்கிறவள் அவள். மதுரையில் அந்தத் திரையைப் பார்த்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுக்களைக்குப் போய்க் கத்தினேன். தெரிந்தே ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய், என்னை என்ன நினைத்தாய், மேலகரத்தில் வீடு பார்த்தது இதற்குத்தானா, உன் பிழைப்பை மண்ணில் போட்டுவிட்டு என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயே என்று என்னென்னவோ கேட்டேன். அவள் பனங்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினாள்.

"அந்த மேடம் உன் தோள்ல கையப் போட்டு, வடிவு போட்டது, ஒரு கொறை இல்லன்னு சொல்லுதாவ. நீ என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்க. அந்த எடத்துல வச்சு, சூரியன் தப்புன்னு நான் எப்படிட்டி சொல்ல?"

"உன் அப்பளம் என்னாகும்?"

"மாடி இன்னொண்ணு கெடைக்கும். நீ அப்படிச் சிரிச்சு ரெண்டு வருசமாச்சுல்லா."

நான் முன்பு வேலை செய்த கம்பெனி மூடிய பிறகு ஒன்றரை வருஷம் அக்காவின் பழைய வீட்டில் இருந்தேன். அதைப் பற்றி எழுத இந்த நோட்டு வாங்கவில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். அந்த நாட்களில் தினமும் காலையில் போர்வையை இழுத்து, வா, அப்பளத்துக்குக் காக்கா விரட்டு என்று என்னை மாடிக்கு ஏற்றியது அவள்தான். காக்கா ஒன்றும் அவ்வளவு வராது.

இப்படியே விட்டுவிடு, இருபதாம் தேதி போகட்டும் என்றாள். முடியாது என்றேன். அழுதேன். அவள் உரித்த கிழங்கை என் வாயில் திணித்தாள்.

ஜனவரி 15

காலையில் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பண்டிகை நாளில் வீட்டில் குழந்தை கத்துவது கேட்டது. தாளில் கிழக்கு வாசல் என்று எழுதி வடக்கு அம்புக்குறி போடாமல் விட்டது தன் தப்பும்தான் என்றார். ஆனால் சூரியனைப் பற்றிய படத்தில் திசையைக் கேட்காமல் விட்டது என் தப்பு என்றும் சொன்னார். அண்ணாச்சியிடம் அவரே பேசுவதாகச் சொன்னார். நானே சொல்கிறேன் என்றேன். இருபதாம் தேதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணாச்சி லேப்டாப்பைப் பார்த்தார், எழுந்து கடைக்குப் போய்விட்டார். வெயிலை மறைக்கும் அந்த மேல்தளத்து அறை அவர் இளைய மகனுக்கு என்று ஆசையாகப் போட்டது. அதை மாற்றினால் பிளான் அனுமதிக்கு மறுபடி அலைய வேண்டும். சாயங்காலம்வரை கடையிலிருந்து திரும்பவில்லை.

ஜனவரி 16

அண்ணாச்சி காலை எட்டரைக்கு இரண்டு நீளச் சவுக்குக் கம்புகளோடு வந்தார். ஒரு தடவை பொய் சொன்ன படம் மறுதடவை உண்மை சொல்கிறது என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயம்தான்.

கம்புகளைச் சேர்த்துக் கட்டி, முப்பத்து மூன்று அடிக்கு, மேல்தளத்துச் சுவர் வரப்போகும் இடத்தில் கொத்தனார்கள் நிறுத்திப் பிடித்தார்கள். நுனியில் அக்காவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணி. நான் மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஒன்பதே காலுக்கு நுனியின் நிழல் மாடியில் எங்கே விழும் என்று மென்பொருளில் பார்த்து, அக்கா அந்த இடத்தில் கோலமாவால் ஒரு புள்ளி வைத்தாள். காத்திருந்தோம். முப்பது அடி மாடியில், கிழக்கு ஓரத்திலிருந்து இருபத்தாறாவது அடியில் அந்தப் புள்ளி; அதுவரை எல்லாம் நிழல்தான்.

ஒன்பதே கால். துணியின் நிழல் ஆடி ஆடி வந்து, புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னதும் புள்ளிமேலேயே வந்து உட்கார்ந்தது.

அண்ணாச்சி அந்தப் புள்ளியையும், ஓரமாக அடுக்கியிருந்த அப்பளத் தட்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அறையைக் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளிவிடச் சொன்னார். அப்படி வைத்தால் ஒன்பதே காலுக்குப் பாதி மாடிக்குமேல் வெயில், பத்துக்குள் முழு மாடியும். அக்கா தயங்கினாள், உங்கள் மகனுக்கு என்று வைத்ததாயிற்றே என்றாள்.

"அவன் அந்த ஓரத்துல படுத்தாலும் தூக்கம் வரும். ஒன் வெயில மறைச்சுட்டுப் படுத்தா எனக்கு வராது" என்றார்.

இறங்கும்போது என்னிடம், உன் அக்கா சரி சொல்லியும் நீ வந்து சொன்னாயே, அது போதும் என்றார். நான் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 20, திங்கள்

சோதனைக் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. வேலை போகவில்லை. இனி ஆபீசில் எந்தப் படம் வெளியே போனாலும் வடக்கு சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான்தான் என்று மேடம் சொல்லிவிட்டார். சங்கரன்கோவில் கதை அவருக்குத் தெரியாது.

ஜனவரி 27

போன வாரம் புதுப் படத்தைத் தபாலில் அனுப்பினேன். கோட்டுப் போட்ட ஆளை எடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து அவனுக்குச் சேலை கட்டி, கொண்டை போட்டு, அக்காவாக்கி மாடியில் நிறுத்தியிருக்கிறேன். அவள் காலடியில் வட்ட வட்டமாக அப்பளங்கள். மணி ஒன்பதே கால். தபால் சனிக்கிழமையே போய்விட்டதாம்.

இன்று ஆபீசுக்குள் நுழையும்போது போன். மாடியில் நிற்கிறாள், கையில் படம்.

"என் நெழலு வாளிப் பக்கம் விழுது. படத்துலயும் வாளிப் பக்கந்தான் விழுது" என்றாள்.

"சரியா இருக்காக்கா?"

"இருக்கு. ஆனா என்னைக் குண்டாப் போட்டிருக்க."

இனி அந்தப் பழைய படத்தைக் கழற்றித் தூரப் போடு, அந்தச் சட்டத்தில் இதை மாட்டு என்றேன். இதற்கு வேறு சட்டம் வாங்கியாயிற்றாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிறதாம். வருகிறவர்கள் ஒன்றில் வெயில் இந்தப் பக்கம், ஒன்றில் அந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சொல்வாய், மானம் போகிறது, கழற்று என்று சண்டை போட்டேன்.

"கழத்த மாட்டேன் போ. நீ எனக்கு மொத மொதல்ல போட்ட வெயிலுல்லா அது."

பிறகு அப்பளம் விரிக்க நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். நான் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் என் காலில் விழுந்துகொண்டிருந்தது. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு உள்ளே போனேன்.